சொந்த ஊருக்குப் பூட்டிய கடை

ஒத்திலியா சவொயானு இஸ்திரி போட்டுப் பிழைக்கிறவள். சட்டைக்கு இவ்வளவு என்று வாங்குகிற இஸ்திரி இல்லை அது. ருமேனியாவின் பிரைலா ஊரில் ரயிலடிக்குப் பின்னால் இருக்கிற பத்து மாடிக் கட்டடத்தில், நாலாம் மாடி வீட்டுச் சமையலறையில், உடம்பில் பேருக்கு ஒரு துணியோடு நின்றுகொண்டு அவள் இஸ்திரி போடுவதை எங்கெங்கோ இருக்கிற ஆண்கள் மாதச் சந்தா கட்டி இணையத்தில் பார்த்தார்கள். ஜன்னல் துடைப்பாள். குடைமிளகாய்க்குள் அரிசியும் இறைச்சியும் அடைப்பாள். பிளம் பழத்துக்குக் கொட்டை எடுப்பாள். நாற்பத்தொரு வயது, இடுப்பில் சதை, முன்பல்லில் சின்ன இடைவெளி. அதுதான் அவர்களுக்குப் பிடித்திருந்தது. அங்கே அவள் பெயர் வேரா.

சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். பத்து நிமிடப் படத்துக்கு நாலு மணி நேர வேலை. விளக்கு இரண்டு, அதில் ஒன்று நினைத்த நேரத்தில் கண்ணை மூடும். ஜன்னலுக்குத் திரை போட வேண்டும், ஏனென்றால் துறைமுகத்துத் தானியக் கிடங்கு தெரிந்தால் ஊர் தெரிந்துவிடும். சுவரில் இருக்கிற புனித நிக்கோலஸ் படத்தைக் கழற்றி, முத்தமிட்டு, துணி அலமாரிக்குள் வைக்க வேண்டும். அவர் பார்த்துக்கொண்டிருக்க அவளால் முடியாது. மேல் வீட்டில் யாராவது குழாயைத் திறந்தால் மறுபடி முதலிலிருந்து. அப்புறம் வெட்டுவது, ஒட்டுவது, சந்தாக்காரர்களுக்குப் பதில் எழுதுவது. பாதிப் பேர் கேட்பது, சாப்பிட்டாயா, உங்கள் பக்கம் பனி விழுந்ததா, அவ்வளவுதான். ஃபின்லாந்துக்காரர் ஒருவர், என் மனைவி இருந்தபோது வீட்டில் இந்த இஸ்திரிச் சத்தம் கேட்கும் என்று எழுதியிருந்தார். அதற்கு என்ன பதில் எழுதுவதென்று ஒத்திலியாவுக்கு இரண்டு நாள் தெரியவில்லை.

அதற்கு முன்னால் ஒன்பது வருடம் ரேலுவின் ஸ்டுடியோவில் இருந்தாள். ஆறாம் நம்பர் அறை. ஒரு கட்டில், ஒரு கேமரா, ஒரு பிளாஸ்டிக் ரோஜா. எப்போது சிரிக்க வேண்டும், யாரோடு எவ்வளவு நேரம் பேச வேண்டும், எத்தனை நிமிடத்துக்குள் கழிப்பறை போய் வர வேண்டும் என்பதெல்லாம் சுவரில் அச்சடித்து ஒட்டியிருக்கும். வந்ததில் பாதி ரேலுவுக்கு. முப்பத்தைந்தாவது பிறந்தநாளன்று கழிப்பறையில் நாலு நிமிடம் கூடுதலாக இருந்தாள் என்று அபராதம் போட்டான். அன்றைக்கே பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். தன் வீடு, தன் கேமரா, தன் கழிப்பறை. ஆறு வருடமாக அவளை யாரும் மணி பார்த்து எழுப்பவில்லை. உயிரே போனாலும் அந்த ஆறாம் நம்பர் அறைக்குத் திரும்பக் கூடாது என்பது ஒன்றுதான் அவளுடைய வைராக்கியம்.

தனிக்கடை போட்ட அன்று அவள் செய்த முதல் வேலை பூட்டுப் போட்டது. இந்தத் தொழிலில் இருக்கிற எல்லாப் பெண்களும் முதலில் அதைத்தான் செய்வார்கள். எந்தெந்த நாட்டில் இருப்பவர்களுக்குக் கடை தெரியக் கூடாது என்று ஒரு பட்டியல் வரும். அதில் முதல் டிக் சொந்த நாட்டுக்கு. ஒத்திலியா ருமேனியாவைப் பூட்டினாள். மால்டோவாவைப் பூட்டினாள், அங்கே சித்தி பிள்ளைகள். இத்தாலியைப் பூட்டினாள், ஏனென்றால் பிரைலாவில் பாதிப் பேர் அங்கே கிழவர்களைக் குளிப்பாட்டப் போயிருக்கிறார்கள். ஸ்பெயினையும் பூட்டினாள், மீதிப் பாதி அங்கே ஸ்ட்ராபெர்ரி பறிக்கிறது. நன்றாகக் காசு கொடுக்கிற இரண்டு நாடுகளை மானத்துக்காகக் கைகழுவினாள். கட்டடத்தில் எல்லாருக்கும் அவள் வீட்டிலிருந்தபடி மொழிபெயர்ப்பு செய்கிற ஒத்திலியா.

பூட்டு ஆறு வருடம் நின்றது. திருடனுக்குப் பூட்டு ஒரு பொருட்டா?

எவனோ ஒருவன் சந்தா கட்டி உள்ளே வந்து அவளுடைய படங்களையெல்லாம் அள்ளிக்கொண்டு போய், யார் வேண்டுமானாலும் சும்மா பார்க்கலாம் என்கிற ஒரு தளத்தில் கொட்டிவிட்டான். இருநூற்றுப் பதினான்கு படங்கள். தன்னை ‘ஏழைகளின் நண்பன்’ என்று அழைத்துக்கொண்டான், பாவி. அவள் நாலு மணி நேரம் நின்று எடுத்த படத்துக்குக் காது கூசுகிற தலைப்பு ஒன்றை வைத்தான். இவள் காலையில் புதுப் படம் போட்டால் மத்தியானத்துக்குள் அங்கே இருக்கும். சந்தாக்காரர்கள் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். போகிறவன் பேசாமல் போனாலாவது தேவலை. ஒருவன் எழுதினான்: ‘உங்கள் தீவிர ரசிகன். எல்லாவற்றையும் இலவசத் தளத்தில் பார்த்துவிட்டேன். அங்கே சத்தம் சரியாகக் கேட்கவில்லை, கொஞ்சம் கவனியுங்கள்.’

ஒத்திலியா அதை இரண்டு முறை படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

“திருட்டுப் பண்டம் வாங்கித் தின்னுட்டு, உப்பு குறைச்சல்னு எங்கிட்டயே வந்து சொல்றான் பாரு!” என்றாள் இஸ்திரிப் பெட்டியிடம்.

வசந்தத்தில் ரேலுவே போன் செய்தான். ஊரில் யாருடைய தொழில் படுத்தாலும் அவன் மூக்குக்கு முதலில் வாசனை வந்துவிடும்.

“ஒத்திலியா கண்ணு, கேள்விப்பட்டேன். மனசு கஷ்டமாப் போச்சு.”

“உங்களுக்கு மனசு இருக்குன்னு இப்பத்தான் தெரியுது அண்ணே. விஷயத்தைச் சொல்லுங்க.”

“அந்தத் தளத்துக்குப் புகார் எழுதினா எடுத்துடுவாங்க. ஆனா புகார்ல சொந்தப் பேரு, விலாசம் எல்லாம் போடணும். உன்னால முடியுமா? எங்கிட்ட கம்பெனி இருக்கு, வக்கீல் இருக்காரு. படமெல்லாம் கம்பெனிதுன்னு ஒரு கையெழுத்து போடு. கம்பெனி பேர்ல புகார் போகும். உன் பேரு ஈ, எறும்புக்குக்கூடத் தெரியாது. நூத்துக்கு நாப்பது எனக்கு. ஆறாம் நம்பர் ரூமு காலியாத்தான் இருக்கு, அங்க வந்து எடுத்துக்கலாம்.”

“இஸ்திரிப் பலகை எங்க போடுறது, உங்க தலையிலயா?” என்று சொல்லி போனை வைத்தாள்.

வைத்துவிட்டாளே ஒழிய, அவன் சொன்னதில் பொய் இல்லை. பெரிய ஸ்டுடியோக்களுக்குக் கம்பெனிப் பெயர் என்று ஒரு போர்வை இருந்தது. தனியாக நிற்கிறவளுக்குத் தன் பெயர்தான் உண்டு. ஒரு வாரம் யோசித்தாள். அதற்குள் இன்னும் ஒன்பது பேர் கழன்றார்கள். எட்டாம் நாள் காபியைக் கொதிக்க வைத்துக் குடித்துவிட்டு, புகார்ப் படிவத்தைத் திறந்தாள்.

இங்கேதான் அவள் அந்தத் தப்பைச் செய்தாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை, இந்த நாட்டில் வளர்ந்த எவரும் செய்திருப்பார்கள். ஒத்திலியா பிறந்ததிலிருந்து அரசாங்க அலுவலக ஜன்னல்களில் நின்றவள். ஒரு நகல் குறைந்தால் திருப்பி அனுப்புவார்கள். கட்டட எண் போட்டுப் படிக்கட்டு எண் போடாவிட்டால் திருப்பி அனுப்புவார்கள். மாடி எழுதவில்லை என்று அவளுடைய விவாகரத்துத் தாளே இரண்டு தடவை திரும்பி வந்தது. அதனால் படிவம் ‘முழு விலாசம்’ என்று கேட்டதும் அவள் கை தானாக ஓடியது. தெரு, எண், கட்டடம், படிக்கட்டு, மாடி, கதவு. அதோடு விட்டாளா? தபால்காரன் வந்து நின்றுவிட்டுத் திரும்பிப் போய்விடக் கூடாதே என்று கீழ்வாசல் கதவைத் திறக்கிற ரகசிய எண்ணையும் எழுதினாள். அடையாள எண்ணையும் கேட்காமலே சேர்த்தாள். இனி எவனும் தாளைத் திருப்ப முடியாது என்று ஒரு திருப்தி.

அனுப்பியதும் பதில் வந்தது. படத்தில் இருப்பவர் நீங்கள்தான் என்று எங்களால் உறுதி செய்ய முடியவில்லை, உங்கள் முகம் தெரியும்படி ஒரு புகைப்படம் அனுப்பவும்.

“அடப் பாவிகளா! என் மூஞ்சியை இருநூத்திப் பதினாலு தடவை வச்சிருக்கீங்களேடா!” என்று கத்தினாள். கத்தி என்ன பயன்? அனுப்பினாள்.

புகாரின் அடியில் பொடி எழுத்தில், இதன் நகல் எதிர்த்தரப்புக்கு அனுப்பப்படும் என்று இருந்தது. எதிர்த்தரப்பு என்றால் அந்தத் தளத்தின் வக்கீல் என்று நினைத்துக்கொண்டாள். எதிர்த்தரப்பு ஏழைகளின் நண்பன்.

தளத்துக்காரர்கள் படம் ஒன்றை நீக்கினார்கள். இரண்டு நாள் அவள் பாட்டுப் பாடிக்கொண்டு முட்டைக்கோஸ் நறுக்கினாள். மூன்றாம் நாள் அதே படம் வேறொரு மூலையில் முளைத்தது. அதன் கீழே அவளுடைய கடிதம், ஒரு எழுத்துக் குறையாமல். ‘ஏழைகள் வாயிலிருந்து பிடுங்கப் பார்க்கும் இந்தப் பேராசைக்காரி யார் என்று எல்லாரும் பார்க்கட்டும்’ என்று மேலே ஒரு வரி வேறு. வேராவுக்குப் பக்கத்தில் ஒத்திலியா சவொயானு வந்து நின்றுவிட்டாள், நாலாம் மாடி, கதவு பதினேழு, வாசல் எண்ணோடு.

மணி அடிக்கத் தொடங்கியது. முதலில் ஒருவன் கீழிருந்து அடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டு ஓடினான். அடுத்த நாள் ஒருவன் எண்ணை அழுத்தி உள்ளேயே வந்து, கதவு பதினேழு என்று நினைத்துக் கதவு பதினாறைத் தட்டினான். அங்கே இருப்பவர் ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர் வெர்ஜில். கையில் ஒரு சட்டையோடு வந்திருந்தானாம், இஸ்திரி போட. வெர்ஜில் அவனைக் கீழ்வாசல்வரை துரத்தினார்.

வெள்ளிக்கிழமை லிஃப்ட் பக்கத்தில் காகிதம் ஒட்டியிருந்தது. வீட்டுச் சொந்தக்காரர்கள் சங்கக் கூட்டம், சனிக்கிழமை பதினோரு மணி, கீழ்வாசல் கூடம். ஒன்று, வாசல் எண் மாற்றம். இரண்டு, ஒழுக்கம் சம்பந்தமான ஒரு விஷயம்.

ஒத்திலியா அதன் எதிரில் நின்றுகொண்டே இருந்தாள். இரண்டு முறை லிஃப்ட் வந்து போனது. ரேலுவுக்குப் போன் செய்துவிடலாமா என்று தோன்றியது. கையெழுத்துப் போட்டுவிட்டு, பிளாஸ்டிக் ரோஜாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடலாம். அங்கே குறைந்தபட்சம் கதவை யாரும் தட்ட மாட்டார்கள். போனை எடுத்தாள். எண்ணைத் தேடினாள். பிறகு நாளைக்குக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்வோம் என்று மேலே ஏறிப் போனாள்.

சனிக்கிழமை தபால் பெட்டிகளுக்கு எதிரே ஆளுக்கொரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீர்க் குழாய் வெடித்தபோது கூப்பிட்ட கூட்டத்துக்கு ஏழு பேர் வந்தார்கள். இன்றைக்கு முப்பத்திரண்டு. சிலர் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தார்கள். சங்கத் தலைவி பரஸ்கீவா, அறுபத்து மூன்று வயது, கட்டடத்தில் யார் எத்தனை மணிக்குக் குளிக்கிறார்கள் என்பதுவரை தெரிந்தவள், கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள்.

“வாசல் நம்பர் மாத்தறதுல யாருக்கும் ஆட்சேபணை இல்லையே? சரி. இப்ப ரெண்டாவது. இதைச் சொல்லவே எனக்கு நாக்கு கூசுது.”

“கூசுதுன்னா சொல்லாதீங்க ஆன்ட்டி,” என்றாள் ஒத்திலியா.

“நீ சும்மா இரு. இது கௌரவமான குடும்பங்க இருக்கிற கட்டடம். குழந்தைங்க இருக்கு. நம்ம ஒத்திலியா இன்டர்நெட்டுல… துணி இல்லாம…”

“இஸ்திரி போடுறா,” என்று வெர்ஜில் முடித்து வைத்தார். எங்கோ ஒரு சிரிப்புக் கேட்டு அடங்கியது.

ஒத்திலியாவுக்குக் காது ரெண்டும் எரிந்தது. ஓடிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் முப்பத்திரண்டு முகங்களையும் ஒரு தடவை பார்த்தபோது வேறொன்று உறைத்தது. அது உறைத்ததும் வெட்கம் போன இடம் தெரியவில்லை.

“பரஸ்கீவா ஆன்ட்டி, நீங்க எப்படிப் பார்த்தீங்க?”

“நான் எங்க பார்த்தேன்! பார்த்தவங்க சொன்னாங்க.”

“யாரு சொன்னாங்க?”

“வெர்ஜில் சொன்னாரு.”

“வெர்ஜில் அண்ணே, நீங்க?”

வெர்ஜில் தொண்டையைச் செருமினார். “அந்தப் பய கதவைத் தட்டினானே, என்ன ஏதுன்னு பார்க்க வேணாமா? விசாரிக்கத்தான் பார்த்தேன்.”

“எத்தனை படம் விசாரிச்சீங்க?”

இந்த முறை சிரிப்பு அடங்க நேரமானது. ஒத்திலியா ஸ்டூலை விட்டு எழுந்தாள்.

“நல்லாக் கேட்டுக்குங்க. என் கடை இந்த நாட்டுல ஒரு நாள்கூடத் திறந்ததில்லை. பூட்டி வச்சிருக்கேன். உங்க மூஞ்சியை லிஃப்ட்ல பார்க்கணுமேன்னு பூட்டி வச்சிருக்கேன். இங்க உக்கார்ந்துகிட்டு ஒருத்தர் என்னைப் பார்த்திருக்காங்கன்னா, அது திருட்டுப் படம். வேற வழியே கிடையாது.”

“எங்க மாப்பிள்ளைதான் பார்த்துட்டு எங்களுக்குச் சொன்னாரு,” என்றாள் ஆறாம் மாடிக்காரி அவசரமாக. “அவரு இங்க இல்ல. தூரின்ல இருக்காரு.”

“இத்தாலியும் பூட்டு!”

“எங்க தம்பி ஸ்பெயின்ல…” என்று இழுத்தார் பின்னாலிருந்து ஒருவர்.

“அதுவும் பூட்டுதான் ஐயா! உங்க தம்பி ஸ்ட்ராபெர்ரி பறிக்கிறாருன்னு தெரிஞ்சுதான் பூட்டினேன்!”

கூடத்தில் விதை கொறிக்கிற சத்தம் நின்றுவிட்டது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. பாதிப் பேர் தபால் பெட்டிகளைப் பார்த்தார்கள், பாதிப் பேர் தங்கள் செருப்பைப் பார்த்தார்கள்.

“என் உடம்பு, என் சமையலறை, என் கரண்ட் பில்லு,” என்றாள் ஒத்திலியா. “பார்க்கிறவன் காசு கொடுத்துப் பார்த்தான், நான் சோறு தின்னேன். யாரையும் ஏமாத்தல. எங்கிட்டேர்ந்து திருடினதை உக்கார்ந்து பார்த்துட்டு, எனக்கு ஒழுக்கம் சொல்லக் கூட்டம் போட்டிருக்கீங்க. எட்டாம் மாடில சைக்கிள் திருடு போனப்ப இப்படியா கூட்டம் போட்டீங்க? சைக்கிள் ஏன் வச்சிருந்தீங்கன்னா அவரைக் கேட்டீங்க?”

பரஸ்கீவா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அவளும் கெட்டவள் இல்லை. “இத பாரு ஒத்திலியா, எங்களுக்கு எதுக்கு வம்பு. அதையெல்லாம் எடுத்துடு. அவ்வளவுதான் கேக்குறோம்.”

“எடுத்துடணுமா?” ஒத்திலியாவுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. “இத்தனை நாளா நான் வேற என்ன பண்றேன்னு நினைச்சீங்க ஆன்ட்டி? எடுக்கப் போய்த்தான இங்க வந்து நிக்குறேன்!”

கூட்டம் அதற்குமேல் நடக்கவில்லை. வாசல் எண்ணை மாற்றத் தீர்மானித்தார்கள். இரண்டாவது விஷயத்துக்கு எதிரே பரஸ்கீவா ‘விவாதிக்கப்பட்டது’ என்று எழுதி மூடினாள். ஸ்டூல்களைத் தூக்கிக்கொண்டு லிஃப்ட்டுக்கு நின்றபோது எல்லாரும் ஒத்திலியாவுக்கு முதலில் வழிவிட்டார்கள். அவளோடு ஏற யாரும் வரவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று தோன்றவில்லை அவளுக்கு. இனி ரொட்டி வாங்கப் போனாலும், சர்ச்சுக்கு மெழுகுவத்தி ஏற்றப் போனாலும், எதிரே வருகிறவர் பார்த்தவரா பார்க்காதவரா என்று எண்ணிக்கொண்டே நடக்க வேண்டும். வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, சமையலறைத் தரையில் உட்கார்ந்து நன்றாக அழுதாள்.

திங்கட்கிழமை ரேலு கூப்பிட்டான். கூட்டத்தில் நடந்தது அதற்குள் அவன் காதுக்குப் போயிருந்தது.

“நான் அப்பவே சொன்னேன்ல கண்ணு. கேட்டியா? பரவாயில்ல, இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போயிடல. வந்து கையெழுத்து போடு. அதே நாப்பதுதான், உனக்காக ஏத்தல.”

“கையெழுத்து போட்டா எனக்கு என்ன கிடைக்கும் அண்ணே?”

“என்ன இப்படிக் கேக்குற? புகார்ல உன் பேரு வராது. யாருக்கும் தெரியாது.”

அடுப்பில் காபி பொங்கி வந்தது. ஒத்திலியா அதை இறக்கி வைத்தாள்.

“யாருக்குத் தெரியாது? மொத்தக் கட்டடத்துக்கும் தெரியும். வெர்ஜில் அண்ணனுக்கு என்னைவிட நல்லாத் தெரியும். எங்கிட்ட விக்கிறதுக்கு உங்ககிட்ட இருந்ததே ஒரு மறைப்புதான். அதை அந்தத் திருடன் கிழிச்சுப் போட்டுட்டான். இப்ப எதை வித்து எங்கிட்ட நாப்பது கேக்குறீங்க?”

ரேலு குரலை மாற்றினான்.

“அப்ப என்ன பண்ணப் போற?” என்றான். “இருநூத்திச் சொச்சம் படத்துக்கும் ஒத்தை ஆளா உக்கார்ந்து எழுதப் போறியா? சொந்தப் பேருல?”

“வேற யாரு பேருல எழுதுவாங்க? அது என் படம்.”

போனை வைத்துவிட்டு நாற்காலியை மேசைக்கு இழுத்தாள். படிவத்தைத் திறந்து, முதல் கட்டத்தில் ஒத்திலியா சவொயானு என்று அடித்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்கவில்லை. இருட்டுவதற்குள் பத்தொன்பது புகார் போயிருந்தது. அவற்றில் மூன்றை எடுத்துவிட்டதாகப் பதில் வந்தது. எடுத்த மூன்றில் ஒன்று மறுபடி வேறு தலைப்பில் ஏறியிருந்தது.

“சனியனே,” என்று சொல்லிவிட்டு இருபதாவதைத் தொடங்கினாள்.